ஒன்பதரை அடி

என் தம்பி வியாகுலம், ஆற்றுக்கு அடியில் துளை போட்டுக் குழாய் செலுத்துகிற மிஷின்காரன். இதுவரை நான்கு ஆறுகளுக்கு அடியில் செலுத்தியிருக்கிறான். முதலாவது எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓயா. டிக்கோயா, ஹட்டன் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த தமிழ்ப் பிள்ளை அவன் ஒருவன்தான் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வாசிகசாலை ஆண்டு மலருக்கு அவனைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். மூத்தவன், கையெழுத்தும் நன்றாக இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் தேதியையும் அளவையும் பிழையில்லாமல் எழுதுவேன் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பற்றியும் இதில் எழுத வேண்டியிருக்கிறது.

வியாகுலம் எனக்கு ஏழு வயது இளையவன். அப்பா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. நான் அப்போதுதான் கணக்கப்பிள்ளையாக ஆகியிருந்தேன். மலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து விடுவதும், மாலையில் கொழுந்து நிறுத்து எழுதுவதும் என் வேலை. அவனை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தேன். அதற்கு மேல் அவனுக்கு மனமில்லை. கல்லையும் மண்ணையும் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். எழுபத்து மூன்றில் மின்சார நிலையத்துச் சுரங்க வேலைக்குப் போனான். பாறையில் துளை போடும் குழுவில் எடுபிடியாகச் சேர்ந்து, ஆறு வருடத்தில் மிஷினைத் தனியாக ஓட்டப் பழகினான். எழுபத்தொன்பது கடைசியில் கொழும்புக் கம்பெனி ஒன்று அவனைத் தற்காலிகமாக எடுத்தது. அவர்கள் முதல் தடவையாகப் பரீட்சை பார்க்கப்போகிற முறைக்கு மண் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டியிருந்தது. பரீட்சைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடமும் எங்கள் தோட்டமாக அமைந்தது.

எங்கள் தோட்டத்தை ஓயா இரண்டாகப் பிரிக்கிறது. நல்ல ஊற்று இருப்பது மேற்பிரிவில். கீழ்ப்பிரிவான பணியக்கணக்கில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் இருந்தும் தண்ணீர் பிடிக்க ஒரு பீலி கிடையாது. ஆற்றுக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டுக் குழாய் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆனி மாத மழையிலும் மரம் அடித்து வந்து குழாயை இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு மாதக்கணக்காகப் பெண்கள் ஆற்றுத் தண்ணீரைச் சுமப்பார்கள். வெள்ளம் தொடாதபடி ஆற்றுக்கு அடியால் குழாயைக் கொண்டுபோவதுதான் கம்பெனியின் யோசனை. இந்தக் கரையில் ஆழக் குழி வெட்டி, அதன் அடியில் மிஷினை வைத்து, இரும்புக் குழாயை நேராக அக்கரை நோக்கித் தள்ள வேண்டும். குழாய்க்குள்ளே திருகாணி போல ஒரு நீளக் கம்பி சுழன்று மண்ணை வெளியே கொண்டுவரும். ஒரு குழாய் பத்தடி. மொத்தம் பதினொரு குழாய்.

பொறுப்பாக வந்தவர் ரத்னபால மாத்தயா. சிங்களவர், கொச்சைத் தமிழ் பேசுவார். முதல் நாளே வியாகுலத்திடம் சொன்னார்: "இது சரி வந்தா நீ கம்பெனிக்கு நிரந்தரம். சரி வரல்லன்னா கம்பெனியே இந்த மிஷினை வைக்காது."

வியாகுலம் அன்று வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னான். டிக்கோயாவில் சுகிர்தம் என்ற பெண்ணை அவனுக்குக் கேட்டிருந்தோம். நிரந்தரமான பிறகு வாருங்கள் என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார்.

முதலில் ஆற்றின் ஆழத்தை அளக்க வேண்டும். ஆற்றின் மிக ஆழமான இடத்துக்குக் கீழே நான்கு அடி மண் விட்டுத்தான் குழாய் போக வேண்டும். மூன்றடிக்குக் குறைந்தால் ஆறு உள்ளே வந்துவிடும் என்று மாத்தயா சொன்னார். எழுத நல்ல கை வேண்டும் என்றதும் வியாகுலம் என் பெயரைச் சொன்னான்.

1980 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை. எனக்கு அரைநாள் விடுப்புக் கிடைத்தது. ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி, பீப்பாய்களைப் பிணைத்த மிதவையில் வியாகுலம் நின்றான். கையில் அளவுக்கயிறு. அடிக்கு ஒரு முடிச்சு, அரையடிக்குச் சிவப்பு நூல், நுனியில் ஏழு இறாத்தல் இரும்பு. ஐந்தடிக்கு ஒரு தடவை நின்று இரும்பை இறக்கி ஆழத்தைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். மாத்தயா அக்கரையில் மட்டம் பார்க்கும் கருவியோடு நின்றார். போகுமுன் என்னிடம் காகிதத்தைக் கொடுத்து, "அவன் கூப்பிடுறது, நீங்க எழுதுறது. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் எழுதினேன். ஆனால் அவன் கூப்பிட்டதை எழுதவில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கொழுந்து மடுவத்தைத் தெரிந்திருக்க வேண்டும். மாலையில் பெண்கள் கொழுந்துக் கூடையைத் தராசில் மாட்டுவார்கள். தராசு பதினெட்டு கிலோ காட்டும். கணக்கப்பிள்ளை பதினேழு என்று எழுதுவார். கூடைக்கு ஒரு கிலோ. தூறல் நாளில் தண்ணீருக்கும் சேர்த்து இரண்டு, அடைமழை நாளில் மூன்று. எவ்வளவு கழிப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கூடையைப் பார்த்தால் கண் சொல்லும். கூப்பிடுகிறவன் முழு நிறையைக் கூப்பிடுவான், எழுதுகிறவன் கழித்து எழுதுவான். இருபது வருடம் அப்படியே எழுதிய கை என் கை.

அன்று ஆற்றில் கயிறு நீரோட்டத்தில் வளைவதைப் பார்த்தேன். வளைந்த கயிறு ஆழத்தைக் கூட்டிக் காட்டும் என்று எனக்குத் தோன்றியது. கரையோரம் அரையடி கழித்தேன். அதற்கடுத்து ஒரு அடி. நடுவில் இழுப்பு அதிகம், ஒன்றரை அடி. வியாகுலம், "ஒம்பதரை!" என்று கூப்பிட்டான். நான் எட்டு என்று எழுதினேன். கயிற்றை இழுத்து நிமிர்த்தி, நேரான பிறகுதான் அவன் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டிருக்கிறான். கரையிலிருந்த எனக்கு அது தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பதினான்கு இடம், பதினான்கு எண். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மாத்தயா காகிதத்தை வாங்கிப் பார்த்து, "பொத்தகம் மாதிரி இருக்கு" என்றார். வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

என் எட்டை வைத்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து பன்னிரண்டு அடிக்குக் கீழே குழாய் போகும்படி குழி வெட்டினார்கள். நான்கு அடி மண் இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். நடு ஆற்றில் இருந்தது இரண்டரை அடி.

மார்ச் 11. ஐந்து குழாய் போய்விட்டது, ஆறாவது ஓடிக்கொண்டிருந்தது. பகல் பத்தரை மணி. குழியில் வியாகுலமும் பழனியாண்டி என்ற உதவியாளும் நின்றார்கள். குழாய் வாயால் வரும் மண்ணை ஒவ்வொரு தடவையும் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பது தம்பியின் வழக்கம். அதுவரை மஞ்சள் களிமண் வந்துகொண்டிருந்தது. திடீரென்று பருமணல் வந்தது. அதில் ஒரு நத்தை ஓடு இருந்தது. ஆற்றின் அடித்தரை மணலில்தான் நத்தை ஓடு கிடக்கும் என்று அவனுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. மிஷினை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

"ஏறுடா மேல!"

"என்னண்ணே, சாப்பாட்டு நேரமா?" என்றான் பழனியாண்டி.

"ஆறு வருதுடா, ஏறு!"

அவனை ஏணியில் தூக்கிவிட்டுத் தான் ஏறுவதற்குள் குழாய் வாயால் தண்ணீர் பீச்சியடித்தது. மேலே நின்றவர்கள் கயிறு போட்டு வியாகுலத்தை இழுத்தபோது நெஞ்சுக்கு மேல் தண்ணீர். கால் மணி நேரத்தில் குழி நிறைந்து மிஷினும் இஞ்சினும் அடியில் போயின. நான் மலையிலிருந்து ஓடிவந்தேன். அவன் கரையில் உட்கார்ந்து அந்த நத்தை ஓட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மாத்தயா தானே மிதவையில் போய் நடு ஆற்றில் ஓர் இடத்தை மட்டும் அளந்தார். ஒன்பதரை. தோட்ட ஆபீஸான கந்தோர் வராந்தாவில் எங்களைக் கூப்பிட்டார். மேசையில் என் காகிதம் இருந்தது. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல எட்டு. ஆத்துல ஒம்பதரை. கூப்பிட்டது யாரு?"

"நான்தான் மாத்தயா," என்றான் வியாகுலம்.

"எழுதினவர் இவரு. இவர் எழுத்துல ஒரு வெட்டு இல்ல. அப்ப நீ பிழை கூப்பிட்டதா?"

வியாகுலம் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். நான் சட்டைப் பையில் இருந்த பேனாவின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"குளிர்ல கை விறைச்சுப் போயிருந்துச்சு மாத்தயா. முடிச்சப் பிழையா எண்ணியிருப்பேன்" என்றான்.

மாத்தயா கெட்டவர் இல்லை. திட்டவில்லை. மிஷின் போய்விட்டது, கம்பெனிக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்றார். அன்றோடு வியாகுலத்துக்கு வேலை போயிற்று. டிக்கோயாவிலிருந்து சுகிர்தத்தின் அப்பா, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

தோட்டத்தில் மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டும் வேலைக்கு அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்க, பெயர் வாசித்து வேலை பிரிக்கிறவன் நான். மண்வெட்டியோடு வரிசையில் நின்ற தம்பியின் பெயரை நான்தான் வாசித்தேன். ஒரு வாரத்திலேயே அவனுக்கு 'முடிச்சு' என்று பெயர் விழுந்துவிட்டது. "முடிச்சு, கான் எத்தன அடின்னு எண்ணிட்டியா?" என்பார்கள். "எண்ணிட்டேன். உனக்கு எண்ண வருமா?" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வான். கம்பெனியின் முன்னால் ஒப்புக்கொண்ட குற்றத்தைத் தோட்டத்தின் முன்னாலும் அப்படியே சுமந்தான்.

பெரிய வெள்ளிக்கு முன் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம், எழுத வேண்டிய எண்ணைப் பிழையாக எழுதிவிட்டேன் என்றேன். அதனால் யாருக்காவது நட்டமா என்று கேட்டார். ஒரு கம்பெனிக்கு என்றேன். தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்று செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் வியாகுலம் நின்றான்.

ஆனி மாதத்தில் மழை தொடங்கியது. தொங்கிய குழாய் வழக்கம்போல் போயிற்று. ஒரு மாலை மடுவத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். பணியக்கணக்கு ராக்காயி கூடையை மாட்டினாள். வாய்த்துடுக்கான மனுஷி. நான் மூன்று கிலோ கழித்தேன்.

"மூணா? கூடைக்குள்ள ஆத்தையா அள்ளிப் போட்டு வந்திருக்கேன்?"

"மழையப் பாத்தியா இல்லையா?" என்றேன்.

"பாத்தேங்க. ஐயா கையில கெடச்சா ஆத்துக்கும் ரெண்டு கழிச்சிருவீங்க."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். என் பேனா அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. மடுவத்துக் கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கி நின்ற கான் வெட்டு ஆட்களில் வியாகுலமும் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று, ஆறு உள்ளே வந்த நாளிலிருந்து பதினொரு மாதம் போயிற்று.

1981 பெப்ரவரியில் கம்பெனி திரும்பி வந்தது. வேறு மிஷின், அதே மாத்தயா. பழைய இடத்துக்கு முப்பதடி மேலே புதிதாக அளந்து, பழைய இடத்தையும் ஒரு தடவை சரிபார்ப்பதாகத் திட்டம். எழுத என்னையே கேட்டு ஆள் அனுப்பினார். கூப்பிடப் பழனியாண்டி. அன்று விடியற்காலையில் பேனாவில் மை ஊற்றிக்கொண்டிருந்தேன். வியாகுலம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"அண்ணே, இந்தத் தடவ கூப்பிட்டத அப்படியே எழுதுங்க."

மை மேசையில் கொட்டிவிட்டது.

"உனக்குத் தெரியுமாடா?"

"ஒம்பதரைன்னு கூப்பிட்ட வாய் என் வாய்தானே. எட்டுன்னு காகிதத்துல பாத்தா தெரியாதா? மடுவத்துல நீங்க எழுதுறத சின்னதுலருந்து பாக்குறேன்."

"அப்ப ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு பெரட்டுக்குப் போய்விட்டான்.

ஆற்றங்கரைக்குப் போகும் வழியெல்லாம் மாத்தயாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை வரிசைப்படுத்தினேன். அவர் கண்டதும், "வாங்க வாங்க, சுத்தமான கை" என்று காகிதத்தைத் தந்தார். அதை வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தேன். பழனியாண்டி கூப்பிட்டான். கூப்பிட்டதையே எழுதினேன். அரையடியைக்கூடக் கழிக்காமல் எழுதுவது எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கை தானாகக் குறைக்கப் பார்த்தது.

மத்தியானம் மாத்தயா பழைய காகிதத்தையும் பழைய இடத்துக்கான புதிய காகிதத்தையும் பக்கத்தில் வைத்தார். பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அரை, அரை, அரை, ஒன்று, ஒன்று, ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை, ஒன்று, ஒன்று, அரை, அரை, அரை.

"இது என்ன? கை விறைச்சவன் பிழை எண்ணினா அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு வரும். இந்தப் பிழை லைன்ல நிக்குது."

"அது நான் கழிச்சதுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கயிறு வளைந்ததையும், மடுவத்து வழக்கத்தையும், தம்பி சரியாகத்தான் கூப்பிட்டான் என்பதையும் சொன்னேன். காகிதம் காட்டிக்கொடுத்த பிறகுதான் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"ஒரு வருஷம். நீங்க பேசல்ல" என்றார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி எங்க?" என்றார்.

நாலாம் நம்பர் மலையில் கான் வெட்டிக்கொண்டிருந்தான். நான்தான் ஏறிப்போய்க் கூப்பிட்டேன். கை கால் கழுவிக்கொண்டு வந்தான். மாத்தயா எழுந்து நின்று, மிஷின் உன்னுடையது, நாளைக்கே வா என்றார். வியாகுலம் உடனே தலையாட்டவில்லை.

"வாறேன் மாத்தயா. ஆனா கம்பெனிக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. முடிச்சுன்னு கூப்பிடுறவங்க கம்பெனிக்காரங்க இல்ல." என் பக்கம் திரும்பினான். "பெரட்டுல சொல்லுங்கண்ணே."

மறுநாள் காலை ஆறு மணி. பனிமூட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள் நின்றார்கள். பெயர் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன். வியாகுலம் சரியாக எண்ணினான், சரியாகக் கூப்பிட்டான், நான் என் கண் சொன்னபடி கழித்து எழுதினேன், அதனால்தான் ஆறு உள்ளே வந்தது, பழியை அவன் ஏற்றபோது நான் பேசாமல் நின்றேன் என்றேன். ராக்காயிதான் முதலில் வாயைத் திறந்தாள். அன்று அவள் குரலில் கேலி இல்லை.

"அப்ப எங்க கூடையில இத்தன வருஷமா கழிச்சதும் இப்படிக் கண்ணால பாத்துதானுங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"பதில்லயும் கழிச்சிட்டாருடோய்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் புத்தகத்தைத் திறந்து, வாசித்து முடித்த பெயர்களையே மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். பழனியாண்டி வந்து என் கையைத் தொட்டு நிறுத்தினான்.

அன்று மாலையிலிருந்து, நனைந்த வெறுங்கூடையை எல்லோர் முன்னாலும் முதலில் நிறுத்து, அது காட்டுவதை மட்டும் கழிக்கிறேன். மற்றக் கணக்கப்பிள்ளைகள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ராக்காயி இன்றும் தராசு முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

மார்ச் 9ஆம் தேதி, பதினோராவது குழாய் அக்கரைக் குழியின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே தலையை நீட்டியது. குறி வைத்த இடத்துக்கு மூன்று அங்குலம் இடது பக்கம். வியாகுலம் இந்தக் கரைக் குழியிலிருந்து அதைப் பார்க்க முடியாது. அக்கரையில் எழுந்த கூச்சலைக் கேட்டுத்தான் மிஷினை நிறுத்தினான். மேலே வந்தவன் முதலில் குழாயில் வந்த கடைசி மண்ணைத் தேய்த்துப் பார்த்தான். சுத்தமான களிமண். அந்த ஆனி மாதத்தில் பணியக்கணக்குப் பீலியில் தண்ணீர் வருவது நிற்கவில்லை. ஆவணியில் சுகிர்தத்தோடு கல்யாணம் நடந்தது. கம்பெனியில் நிரந்தரமாகி எட்டு வருடம் முடிந்துவிட்டது. 'முடிச்சு' என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

இவ்வளவும் எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவனிடம் கொடுத்தேன். அவனைப் பற்றியது, அவன் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். உட்கார்ந்து முழுவதும் வாசித்தான். நத்தை ஓடு வந்த இடத்தில் சிரித்தான். அப்புறம் ஒரு தாளைத் திருப்பி என்னிடம் காட்டினான். கந்தோர் வராந்தாவில் நடந்ததை எழுதிய தாள்.

"ஒரு நொடி என் முகத்தைப் பாத்தான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"மாத்தயா சிகரெட்டுல பாதி குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்தேண்ணே."

தாள்களை அடுக்கி என் கையில் தந்துவிட்டுச் சாப்பிடப் போனான். அந்த இடத்தை நான் திருத்தவில்லை. எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். சரியான அளவு, பாதிச் சிகரெட்.